துட்டி கேட்க வந்தவள்

மே 27, திங்கள்

மதுரையிலிருந்து வக்கீலம்மா வந்துவிட்டுப் போனார். போகும்போது இந்த டைரியைக் கையில் திணித்து, "நடக்கிறதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க ராஜகனி. யார் வந்தாங்க, யார் மிரட்டினாங்க, என்ன பேசினாங்க, எல்லாம். மனசுல தோணுறதையும் எழுதுங்க" என்றார். முதலில் சொன்னது சரி. மனசில் தோன்றுவதை எழுதினால் டைரி தீப்பிடித்துக்கொள்ளும்.

என் ஊர் வாகைநேரி, கீழக் காலனி. தையல் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் லிங்கதுரை குட்டியானை வண்டி ஓட்டினார். எங்கள் அம்மன் கொடைத் திருவிழாவுக்குச் சப்பரம் மேலத்தெரு முக்கு வழியாகப் போகக் கூடாது என்று அந்தத் தெருக்காரர்கள் மறித்தார்கள். போவோம் என்று எங்கள் பையன்கள் போனார்கள். கல்வீச்சு, எங்கள் பக்கம் கூரைகள் எரிந்தன, அவர்கள் பக்கம் பைக்குகள் எரிந்தன. மறுநாள் சாயங்காலம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்த இவரை, மேலத்தெரு வளைவில் வண்டியை நிறுத்தி, இழுத்துப் போட்டு அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கொடையன்று இவர் ஊரிலேயே கிடையாது, கோவில்பட்டிக்கு லோடு போயிருந்தார். பேப்பரில் 'இரு தரப்பினர் மோதல்' என்று போட்டிருக்கிறான். இவர் எந்தத் தரப்பு? வாழைத்தார் தரப்பு.

அவ்வளவுதான் எழுதுவேன். நிறைய வேலை கிடக்கிறது.

சுவரில் மேலத்தெருக்காரிகளின் அளவு ஜாக்கெட்டுகள் ஒரு பை நிறையத் தொங்குகின்றன. அந்தத் தெரு முழுக்க என்னிடம்தான் தைக்கிறது. முக்குக் கடையிலிருந்து ஆள் சொல்லி அனுப்புவார்கள், நான் போய்ப் பின்வாசலில் நின்று துணியை வாங்கி வருவேன். யாருக்கு முதுகு அகலம், யாருக்கு ஒரு தோள் இறக்கம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் வீட்டுக்கு எத்தனை அறை என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

மே 28, செவ்வாய்

ஹூக் கட்டினேன். ஊசி குத்திக்கொண்டே இருந்தது. வேறொன்றும் இல்லை.

மே 30, வியாழன்

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. சொந்தக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி நடந்துச்சு?" என்று கேட்டார்கள். அதுதானே முறை. செத்தவர் வீட்டுக்காரி ஆதியிலிருந்து சொல்ல வேண்டும், வந்தவர் கேட்க வேண்டும். அடுத்த ஆள் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டேன். அழவும் இல்லை. என் நாத்தனாருக்கு அது பெரிய குறை. கல்நெஞ்சுக்காரி என்று அடுக்களையில் சொன்னது எனக்குக் கேட்டது.

கேட்க வேண்டியவர்கள் வந்து கேட்கட்டும், அப்போது சொல்கிறேன்.

மேலத்தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் ஐஸ் பெட்டியும் நாற்காலியும் இவர் வண்டியில்தான் வரும். அந்தத் தெரு ஆவுடையம்மாளின் புருசன் செத்தபோது நான் போய் அவர்கள் தொழுவத்துப் பக்கம் வெயிலில் நின்று அழுதுவிட்டு வந்தேன். உள்ளே கூப்பிட மாட்டார்கள், இருந்தாலும் போனேன். இன்றைக்கு என் வாசலுக்கு அந்தத் தெருவிலிருந்து ஒரு குஞ்சு குருமான் கூட வரவில்லை. எந்தக் காலத்திலும் எங்கள் வீட்டுச் சாவுக்கு அவர்கள் வந்ததில்லை. இத்தனை வருசமாக அது எனக்கு உறைத்ததே இல்லை. இப்போது உறைக்கிறது, நன்றாக உறைக்கிறது.

ஜூன் 3, திங்கள்

யூனியன் ஆபீசில் சமாதானக் கூட்டம். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் ஆர்.டி.ஓ. அம்மா. வடக்கே எங்கோ பிறந்து வளர்ந்த சின்ன வயசுப் பெண். பார்த்தால் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். டீ கொடுத்தார்கள், நான் தொடவில்லை.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் மேலத்தெருக்காரர். எழுந்து தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, "நடந்தது நடந்து போச்சு. இனிமே ரெண்டு தெருவும் அண்ணன் தம்பியா இருப்போம்னு ஒரு கையெழுத்து. வேற என்ன?" என்றார்.

"தம்பி செத்த வீட்டுக்கு அண்ணன் ஏன் வரல?" என்று கேட்டேன்.

என் கொழுந்தன் சுடலைக்கண்ணு பின்னாலிருந்து என் சேலையை இழுத்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆர்.டி.ஓ. அம்மா குனிந்து, "உங்களுக்கு என்னம்மா வேணும்? தயங்காம சொல்லுங்க" என்றார்.

"அவுக தெருவுல இருந்து ஆளு வந்து என்கிட்ட துட்டி கேக்கணும் மேடம்."

அவர் பக்கத்திலிருந்த தாசில்தாரைப் பார்த்தார். "துட்டு கேட்க வரணுமா? நிவாரணத் தொகை பத்திச் சொல்றாங்களா? அதுக்கு ஏற்கெனவே எழுதியாச்சே."

மேலத்தெருப் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"துட்டு இல்ல மேடம், துட்டி. துட்டுன்னா காசு. துட்டின்னா, செத்த வீட்டுக்குப் போயி, தரையில உக்காந்து, எப்படி நடந்துச்சுன்னு கேக்கது. பதில் சொல்லி முடிக்கிற மட்டும் எந்திரிக்காம கேக்கது. அதைச் செய்யச் சொல்லுங்க. செஞ்சா கையெழுத்துப் போடுதேன், செய்யலன்னா இந்தக் கையி போடாது."

பிரசிடெண்ட், "அது பழக்கம் இல்லீங்க மேடம். எங்காளுக அந்தத் தெருவுக்குத் துட்டிக்குப் போற வழக்கமே கெடையாது" என்றார்.

"அடிக்கது மட்டும் எப்பப் பழகினிய?" என்றேன்.

கூட்டம் அதோடு கலைந்துவிட்டது. வாசலில் ஆர்.டி.ஓ. அம்மா என்னை நிறுத்தி, அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஜூன் 5, புதன்

சுடலைக்கண்ணு வந்து வாசலில் நின்று கத்தினான்.

"வம்புக்கு நிக்கிய மைனி. நம்ம பையனுவ மேலயும் கேசு போட்டிருக்கான். ஒவ்வொருத்தனும் காட்டுலயும் கருவேலத்துலயும் கெடக்கானுவ. பஸ்ஸு ஊருக்குள்ள வரல. பொம்பளைய வேலைக்குப் போவ முடியல. ஒரு கையெழுத்துல எல்லாம் சரியாப் போவும்."

"என்ன சரியாப் போவும்?"

"அவன் எனக்கு அண்ணன் இல்லியா? எனக்கு மட்டும் வயிறு எரியலியா? அவனுவ நம்ம வீட்டுக்கு வருவானுவளா? ஆகுற காரியத்தப் பேசுங்க."

அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. கூடப் பிறந்தவனை இழந்துவிட்டு முழுசாக அழக்கூட நேரமில்லாமல் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறான். ஆனாலும், "என் துட்டி, நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

இவர் நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃப். போன் போலீஸ்காரர்களிடம் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் போட்டேன்.

ஜூன் 6, வியாழன்

சோறு கூடிப்போய்விட்டது. புது அரிசி, பொங்கிவிட்டது போலிருக்கிறது. மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

வந்துவிட்டாள்.

உச்சி வெயிலில் வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஆவுடையம்மாள். வளைவில் முதல் வீட்டுக்காரி. முக்காடு போட்டு, முகமெல்லாம் வேர்த்து, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றாள். மிஷினை நிறுத்தினேனே தவிர, எழுந்திருக்கவில்லை.

"ராஜகனி, என் அளவு ஜாக்கெட்டு இங்கன கெடக்குல்லா. அத வாங்கிட்டுப் போவலாம்னு…"

"ஜாக்கெட்டு வாங்க வந்தியளா, துட்டி கேக்க வந்தியளா?"

அவள் முக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே போலீஸ் டென்ட் இருக்கிறது. "ஜாக்கெட்டுன்னு சொன்னதாலதான் விட்டான். துட்டின்னு சொன்னா எங்க தெருவே என்னைய மறிச்சிருக்கும்" என்றாள். பிறகு குனிந்து நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, வெட்டுத்துணி கிடந்த தரையில் அப்படியே உட்கார்ந்தாள். விசிறியைப் போடவா, தண்ணீர் கொடுக்கவா என்று நான் கேட்கவில்லை. சாவு வீட்டில் அதெல்லாம் கேட்க மாட்டார்கள்.

"எப்படி நடந்துச்சு தாயி?" என்றாள்.

"உங்க வீட்டு வாசல்லதான நடந்துச்சு? என்கிட்ட கேக்கிய?"

"எனக்குத் தெரிஞ்சது வேற. நீ சொல்லு."

பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வார்த்தையில் முடித்து அனுப்பிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை. வாய் திறந்தது, அப்புறம் மூடவே இல்லை. காலையில் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க என் வெட்டுத்துணியை எடுத்ததற்குச் சண்டை போட்டதிலிருந்து சொன்னேன். சாயங்காலம் நெடுஞ்சாலையிலிருந்து போன் பண்ணி, "சோறு ஆயிட்டா?" என்று கேட்டார். மிஷினில் நூல் அறுந்த எரிச்சலில், "வந்தாத் தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்புறம் தெருவில் ஓட்டம். போய்ப் பார்த்தால் வண்டி குறுக்கே நிற்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, இண்டிகேட்டர் எரிந்து எரிந்து அணைகிறது. ஆஸ்பத்திரியில் அவர் சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். நான் தைத்த சட்டை. தோள்பட்டையில் கிழிந்திருந்தது. இதை மூட்டிவிடலாம், வெளியே தெரியாது என்றுதான் முதலில் தோன்றியது. புருசன் செத்துக் கிடக்கிறான், எனக்குச் சட்டையை மூட்டத் தோன்றுகிறது. இதை வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னேன்.

ஆவுடையம்மாள் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. "பாவம்" என்றோ, "விதி" என்றோ, "எங்க தெரு ஆளுக எல்லாரும் அப்படி இல்ல" என்றோ சொல்லவில்லை. அதில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். நான் நிறுத்தினால் நிமிர்ந்து பார்த்தாள். தொடர்ந்தால் குனிந்துகொண்டாள்.

வெயில் இறங்கிவிட்டது. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, வாசலுக்குப் போனவள் பழக்கதோசத்தில், "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துட்டி வீட்டில் போயிட்டு வாரேன் என்று யாராவது சொல்வார்களா? இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றல்லவா ஆகிவிடும்! சொல்லாமல் கொள்ளாமல்தான் எழுந்து போக வேண்டும். அவளுக்கும் சொன்ன பிறகுதான் புத்தியில் பட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சிரு தாயி, ஏதோ பதட்டத்துல…"

"சொல்லிட்டியல்லா? அப்ப வந்துதான் ஆகணும்" என்றேன்.

அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

குழாயடியில் ஒரே பேச்சு. மேலத்தெருக்காரியை வீட்டுக்குள் விட்டேனாம். கூட உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேனாம். ஒப்பாரி வைக்கவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

சுடலைக்கண்ணு, "வேவு பாக்க வந்திருக்கா மைனி" என்றான்.

"வேவு பாக்க என் வீட்ல என்னடே இருக்கு, காஜா ஊசியா? நான் கேட்டேன், ஒருத்தி வந்துட்டா. உங்க ஒருத்தருக்கும் நம்பிக்கை இல்ல, வந்துட்டா பாத்தியா!"

அவன் தலையைச் சொறிந்தான். "நெசமாவே தரையிலயா உக்காந்தா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஜூன் 13, வியாழன்

மறுபடியும் வந்தாள். முக்காடு இல்லை. நேரே உள்ளே வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீ சொன்ன, நான் கேட்டேன். இன்னைக்கு நான் சொல்லணும். நீ கேப்பியா?" என்றாள்.

நான் கழுத்துப் பட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிக்கொண்டே, "சொல்லுங்க" என்றேன்.

"அவுக என் கதவத் தட்டினாவ."

கத்தரி நின்றுவிட்டது.

"வண்டிய விட்டு எறங்கி ஓடி வந்து என் கதவத்தான் தட்டினாவ. 'ஆவுடையம்மா, நான் லிங்கதுரை, கதவத் தொறங்க'ன்னாவ. யாரு எவருன்னு தெரியாம தொறக்க மாட்டேன்னு நெனச்சிருப்பாவ போல, பேரச் சொன்னாவ. ரெண்டு தடவ சொன்னாவ. நான் தொறக்கல."

கையில் கத்தரி இருந்தது. எழுதக் கூடாதுதான், எழுதுகிறேன். அந்த நேரம் அவளைக் குத்தியிருப்பேன். "வெளிய போ!" என்று கத்தினேன். நீ என்றுதான் கத்தினேன். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் ஒருத்தியையும் நீ என்று சொன்னதில்லை. அவள் நகரவில்லை.

"போறேன். முழுசாக் கேட்டுட்டு அனுப்பு. அவுக பேரச் சொன்னத உங்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியல."

போ என்று இன்னொரு தடவை சொல்ல வாய் வந்தது. ஆனால் அவர் கடைசியாகப் பேசியது என்னிடம் இல்லை, இவளிடம். அது இவளுக்குள் இருக்கிறது. இவளை அனுப்பினால் அதுவும் போய்விடும். கத்தரியை மிஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, "முதல்ல இருந்து சொல்லு" என்றேன்.

சொன்னாள். அன்று மத்தியானத்திலிருந்தே தெருவில் பையன்கள் கம்பும் கையுமாகக் கூடியிருக்கிறார்கள். இவள் மகன் கோமதிநாயகம் வீட்டுக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்ப நின்றிருக்கிறான். மகன் கொலைகாரனாகிவிடக் கூடாது என்று கதவைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜன்னல் வழியாக வளைவு தெரியுமாம். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. முதுகில் அந்தத் தட்டல் விழுந்ததாம்.

"எம்மவன் உள்ள நின்னு கூப்பாடு போடுதான். 'தொறம்மா, தொறம்மா, கதவத் தொற'ன்னு. என்னையப் புடிச்சு இழுக்கான். நான் அசையல. சத்தம் ஓஞ்ச பெறவும் அசையல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவன் எதுக்குத் தொறக்கச் சொன்னான்? உள்ள இழுத்துக் காப்பாத்தவா, வெளிய போயி அடிக்கவா? எனக்குத் தெரியல தாயி. திருப்பூருக்கு அனுப்பிட்டேன். அவன்ட்ட கேக்கவும் பயமா இருக்கு. காப்பாத்தத்தான்னு சொன்னா, நான் அவுகளையும் கொன்னு, எம்மவன் செய்ய இருந்த நல்லதையும் கொன்னவ. அடிக்கத்தான்னு சொன்னா, அவன நான்தான பெத்தேன்."

நான் அவளைத் தேற்றவில்லை. என்னால் முடியாது, என் நெஞ்சு எரிகிறது. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. "ஜன்னல் வழியா யாரையெல்லாம் பாத்த?" என்று மட்டும் கேட்டேன். சொன்னாள். அதில் இரண்டு பேர் அவள் புருசனின் அண்ணன் மகன்கள்.

இதைப் போலீஸில் சொல் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. இந்தத் தடவை முறைப்படி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனாள்.

ஜூன் 14, வெள்ளி

பேரைச் சொன்னாராம். தைக்க உட்காரவில்லை.

ஜூன் 17, திங்கள்

இரண்டாவது கூட்டம். இந்தத் தடவை டைப் அடித்த பேப்பரோடு வந்திருந்தார்கள். ஆர்.டி.ஓ. அம்மாவே வாசித்தார். "நடந்ததை மறந்து, இரு தெருவினரும் நல்லிணக்கத்துடன்…"

பிரசிடெண்ட் குறுக்கே புகுந்தார். "அந்தம்மா சொன்ன துட்டி விசயத்தையும் பேசிப் பாத்தோம் மேடம். எங்க தெருவுல யாரும் போகத் தோதில்ல. அத விட்டுட்டு மத்ததப் பேசுவோம்."

"நான் போனேன்" என்று ஒரு குரல்.

மேலத்தெருப் பெண்கள் வரிசையில் கடைசி நாற்காலியில் இருந்த ஆவுடையம்மாள் எழுந்து நின்றாள்.

"ஏ ஆவுடை, உக்காரு" என்றார் பிரசிடெண்ட்.

"அன்னைக்கு உக்காந்துதான் இருந்தேன். அதுக்குத்தான் இன்னைக்கு நிக்கேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே ஆர்.டி.ஓ. அம்மாவைப் பார்த்தாள். "லிங்கதுரை என் கதவத் தட்டினாரு மேடம். நான் தொறக்கல. அடிச்சவனுவள ஜன்னல் வழியாப் பாத்தேன். பேரு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

அந்தப் பக்கம் நாற்காலிகள் சரிந்தன. ஒருத்தன் அவளைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னான். இன்ஸ்பெக்டர் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுடலைக்கண்ணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். இத்தனை நாளில் அவன் அழுது நான் பார்த்தது இப்போதுதான்.

ஆர்.டி.ஓ. அம்மா பேப்பரை என் பக்கம் திருப்பி, "ஒருத்தர் வந்துட்டாங்கல்ல, ராஜகனி?" என்றார்.

"வந்தாவ. பேப்பருதான் சரியில்ல. மறந்துன்னு போட்டிருக்கு மேடம். நான் எதையும் மறக்க மாட்டேன். கேட்டுன்னு போடுங்க."

அவர் பேனாவைத் திறந்து 'மறந்து' என்பதை அடித்துவிட்டு, மேலே தன் கையாலேயே 'கேட்டு' என்று எழுதினார். 'நடந்ததைக் கேட்டு, இரு தெருவினரும் நல்லிணக்கத்துடன்.' நான் கையெழுத்துப் போட்டேன். மேலத்தெருக்காரர்கள் போட மாட்டோம் என்று வெளியே போய்விட்டார்கள். இப்போது சமாதானத்துக்கு வராதவர்கள் யார் என்று பேப்பர்காரன் எழுதட்டும்.

ஜூன் 20, வியாழன்

ஆவுடையம்மாளைத் தெருவை விட்டு ஒதுக்கிவிட்டார்கள். பால்காரன் பால் ஊற்றவில்லை, குழாயில் குடம் வைக்க விடவில்லை, ஓட்டின் மேல் கல் விழுகிறது என்று முக்குக் கடையில் பேசிக்கொண்டார்கள். டென்ட்டில் இருந்த போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு, நல்ல சேலையை உடுத்திக்கொண்டு கிளம்பினேன். "அங்கயா மைனி? வேண்டாம்" என்று சுடலைக்கண்ணு ஓடி வந்தான். நான் நிற்கவில்லை என்றதும் முக்கு வரைக்கும் கூடவே வந்தான்.

மேலத்தெருவில் நடுரோட்டில் நடந்தேன். செருப்பைக் கையில் எடுக்கவில்லை. கோயில் திண்டில் உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து ஒருத்தன், "எங்க போறா இவ?" என்றான்.

"துட்டி கேக்க."

"இங்க எவன் செத்தான்?"

"உங்க தெருவுல அந்த ஒரு வீட்லதான் யாரும் சாகல. அங்க போறேன்" என்று சொல்லிவிட்டு, அவன் என்ன சொன்னான் என்று நின்று கேட்காமல் நடந்தேன்.

பின்வாசலுக்குப் போகவில்லை. வளைவைப் பார்த்த முன்கதவுக்குப் போனேன். பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு. கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் நின்றேன் என்று எழுத மாட்டேன். அவள் திறந்தாள். பார்த்ததும் அழுதாள். "யக்கா, அழுதது போதும், உக்காரு" என்றேன். அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மவன்ட்ட கேட்டியா?"

"இல்ல."

"போனப் போடு. நான் பக்கத்துல இருக்கேன்."

மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்துவிட்டான்.

"ஏல, நாயகம்" என்றாள். "அன்னைக்குத் தொறம்மா தொறம்மான்னியே, எதுக்குல தொறக்கச் சொன்ன?"

அந்தப் பக்கம் பனியன் மிஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"தெரியலம்மா" என்றான். "வெளிய வரணும்னு கம்ப எடுத்தேன். அவரு பேரச் சொன்னதும் கம்பக் கீழ போட்டுட்டேன். அதுக்குப் பெறவும் தொற தொறன்னு கத்தினேன். எதுக்குக் கத்தினேன்னு எனக்கே தெரியல. தெனமும் அதத்தான் நெனச்சிட்டுக் கெடக்கேன்."

ஆவுடையம்மாள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"தம்பி, நான் லிங்கதுரை பொஞ்சாதி பேசுதேன்."

அந்தப் பக்கம் அவன் மிஷினை நிறுத்துவது கேட்டது.

"தெரியலன்னு சொன்னேல்லா, அத போன்ல சொல்லாத. ஊருக்கு வா. என் வீட்டுக்கு வந்து, என் முன்னால தரையில உக்காந்து, முதல்ல இருந்து சொல்லு. நான் கேக்கேன். எப்ப வார?"

"செவ்வாக்கெழம லீவு…" என்றான், சின்னப் பையன் குரலில்.

"செவ்வாயும் வெள்ளியும் துட்டிக்கு வரப்படாது. உங்கம்மா சொல்லித் தரலியா? புதன்கெழம வா."

"சரிக்கா" என்றான்.